முதல் வில்லுக்கு எத்தனை பவுண்டு?

வில் வாங்க யோசனை கேட்டு வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் போனை நீட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். போனில் ஒரு வீடியோ ஓடும். இலைதழை அச்சடித்த சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர் மரத்தில் கட்டிய பரண்மேல் உட்கார்ந்திருப்பார். கையில் இரு முனையிலும் சக்கரம் வைத்த வில். கீழே கொம்பு வைத்த மான் ஒன்று மெல்ல நடந்து வரும். அப்புறம் நடப்பதை நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை ஓட்டிக் காட்டுவார்கள். "இந்த மாதிரி வேணும் சார். எழுபது பவுண்டு. எங்க கிடைக்கும்?"

பவுண்டு என்றால் விலை இல்லை, நாணை முழுக்க இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்ற கணக்கு. வீடியோவில் வருவது நல்ல வில்தான். ஆனால் அது ஒரே ஒரு வேலைக்காகச் செய்த கருவி. அந்த வேலை எங்கள் வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ இருக்கும் ஒருவருக்கு வாழ்நாளில் வரப்போவதில்லை. இதைச் சொன்னால் பையன்களின் முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிறகு வந்த திருத்தங்களும் சேர்ந்து, பொழுதுபோக்கு வேட்டை என்பதையே நம் நாட்டில் மூடிவிட்டன. புள்ளிமானுக்கு மட்டுமில்லை, காட்டுமுயலுக்கும் அதே பாதுகாப்புதான். கொன்றால்தான் குற்றம் என்பதும் இல்லை, கொல்ல முயன்றாலே அது வேட்டைக் கணக்கில் வந்துவிடும். அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியல் உண்டு. துப்பாக்கி, வலை, கண்ணி, விஷம் ஆகியவற்றோடு வில்லும் அம்பும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. சரணாலயத்துக்குள் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஆயுதத்தோடு நுழையவே கூடாது. அமிர்திப் பக்கம் காப்புக்காட்டில் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு "சும்மா ரீல்ஸ் எடுக்க வந்தோம்" என்று சொன்னால் வனத்துறைக்காரர் சிரிக்க மாட்டார்.

சரி, வேட்டை இல்லை. அப்படியானால் வேட்டைக்காரர்கள் சொல்வதை நாம் ஏன் கேட்க வேண்டும்? ஏனென்றால், முதல் வில் வாங்குவது பற்றி நெட்டில் தேடினால் வந்து விழுவதில் பெரும்பகுதி அமெரிக்க வேட்டைக்காரர்கள் சொன்னது. அதில் விஷயமும் இருக்கிறது. ஒரு அம்பு தவறினால் ஒரு விலங்கு காயத்தோடு ஓடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதனால் கண், கை, அம்பின் விறைப்பு எல்லாவற்றையும் பொறுப்பாகப் பார்க்கிறார்கள். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லும் பவுண்டை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கட்சி.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே செப்டம்பர் நடுவில் வில்வேட்டை சீசன் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை போகும். உரிமம் வாங்கி, விதிப்படி மானுக்குப் போகிற ஆள். நான் வில் எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் அவன் முதலில் சொன்னது: "மாமா, நாப்பதுக்குக் கீழ வாங்காதீங்க. அது பொம்மை வில்லு."

அவன் சொன்னதில் தப்பில்லை, அவன் இருக்கும் இடத்துக்கு. விஸ்கான்சினில் மானுக்குப் போகும் வில் குறைந்தது 30 பவுண்டு இழுவை கொண்டதாக இருக்க வேண்டும் என்று விதி. கொலராடோவில் அது 35. அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மானுக்கு 50. துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. முனையில் இருக்கும் பிளேடு உள்ளே போய் ரத்தக்குழாயை அறுக்க வேண்டும். தோலையும் விலாவையும் தாண்டிப் போகும் அளவுக்கு வேகம் இல்லையென்றால் மான் சாகாமல் நாள்கணக்கில் துடிக்கும். அந்த 30, 35, 50 எல்லாம் மானின் விலா எலும்பைப் பார்த்து வைத்த எண்கள். வில்லை இழுக்கிறவனின் தோளை யாரும் அங்கே கேட்கவில்லை. நாம் எய்யப்போவதோ சாக்கு மூட்டையை. அதைத் துளைக்க 16 பவுண்டே போதும்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கலும் இருக்கிறது. எங்கள் ஊர் பளு தூக்கும் ஊர். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். இங்கே தெருவுக்குத் தெரு யாராவது ஒருவர் தண்டால் எடுத்துக்கொண்டோ பார்பெல் தூக்கிக்கொண்டோ இருப்பார். அப்படிப்பட்ட பையனிடம் "உனக்கு 22 பவுண்டு போதும்" என்றால் அவமானமாக எடுத்துக்கொள்கிறான். 22 பவுண்டு என்பது பத்து கிலோ. "பத்து கிலோவா? ஒரு விரல்ல தூக்குவேன் சார்."

தூக்கலாம். ஆனால் வில்லில் அந்தப் பத்து கிலோ மூன்று விரல் நுனியில் தொங்குகிறது. இடக்கையை நீட்டி, வலது முழங்கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், தாடைக்குக் கீழே நாணை நிறுத்தி, மூச்சை அடக்கி, குறி அசையாமல் சில நொடிகள் நிற்க வேண்டும். பிறகு விரலைத் தளர்த்த வேண்டும். இதை ஒரு மாலையில் நூறு தடவைக்குக் குறையாமல் செய்ய வேண்டும். இதில் வேலை செய்வது கைத்தசை அல்ல. முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசை. ஜிம்முக்குப் போகிறவர்களும் அந்த இடத்தை இந்த விதத்தில் பழக்கியிருப்பதில்லை. பவுண்டு கூடினால் முதுகால் இழுக்க வேண்டியதைக் கையால் இழுப்பார்கள். தோள் காதுவரை ஏறும். முழு இழுப்புக்கு வருவதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். இந்தப் பழக்கங்கள் உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. தோள்மூட்டில் வலி வந்தால் அது இன்னும் பெரும்பாடு.

மச்சான் லீவில் வந்திருந்தபோது என் வில்லைக் கையில் எடுத்தான். 26 பவுண்டு ரிகர்வ், அதாவது சக்கரம் இல்லாமல் முனைகள் மட்டும் முன்பக்கம் வளைந்த வில். "இதுவா மாமா?" என்று சிரித்துக்கொண்டே இழுத்தவன் அப்படியே நின்றான். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் அம்பின் முனை நடுங்க ஆரம்பித்தது. "என்ன மாமா இது, விடவே மாட்டேங்குது?" என்றான். அவன் ஊரில் வைத்திருப்பது 60 பவுண்டு காம்பவுண்ட், வீடியோவில் வருகிற அதே சக்கர வில்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சக்கரங்கள். காம்பவுண்ட் வில்லை மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1960களில் உருவாக்கினார். காப்புரிமை 1969இல் கிடைத்தது. முனையில் இருக்கும் மையம் விலகிய சக்கரங்கள், இழுப்பின் நடுவில் முழு எடையையும் கொடுத்துவிட்டு, கடைசியில் அதை வாங்கிக்கொள்கின்றன. 80 சதவீதம் தளர்வு உள்ள 60 பவுண்டு வில்லை முழுக்க இழுத்து நிற்கும்போது கையில் நிற்பது 12 பவுண்டுதான். மான் தலை திருப்பும் வரை பரண்மேல் காத்திருக்க வேண்டியவனுக்கு அது வரப்பிரசாதம். ரிகர்வில் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்க எடை ஏறும், கடைசி இஞ்சில்தான் உச்சம், அங்கேதான் நிற்க வேண்டும். அதனால் "எழுபது பவுண்டு" என்று வீடியோவில் கேட்டதையும் "இருபத்து நாலு பவுண்டு" என்று நான் சொல்வதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 70 பவுண்டு காம்பவுண்ட்காரர் தாங்கி நிற்பது 14.

காம்பவுண்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கைகளே இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியது காம்பவுண்டில்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாகச் சேர்கிறது. இருந்தாலும் வேலூரில் முதல் வில்லாக அதை நான் சொல்ல மாட்டேன். காம்பவுண்ட் ஒருவரின் கை நீளத்துக்கு அமைக்கப்பட்டு வருவது. அடுத்தவர் கைக்கு அது அப்படியே பொருந்தாது. நாண் மாற்ற, சக்கரத்தைச் சரிசெய்ய வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் என்ற தனி எந்திரம் வேண்டும். அது தெரிந்த ஆளும் வேண்டும். வேலூரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் வில்லைப் பெட்டியில் கட்டிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ரிகர்வுக்கு நாண் மாட்ட ஒரு ஸ்ட்ரிங்கர் கயிறும் கொஞ்சம் மெழுகும் இருந்தால் வீட்டிலேயே வண்டி ஓடும்.

ரிகர்விலும் கழற்றி மாட்டும் வகையைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ரைசர் என்ற பிடி, மேலும் கீழும் லிம்ப் என்ற வளையும் தண்டு இரண்டு. இதன் பயன் தூக்கிப்போக வசதி என்பது மட்டுமில்லை. லிம்ப்பை மட்டும் மாற்றினால் பவுண்டு மாறிவிடும். தீபாவளிக்கு வளர்கிற பிள்ளைக்கு ஒரு சுற்றுப் பெரிய சட்டையாகத் தைப்பது நம் வழக்கம். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்." வில்லையும் அப்படித்தான் வாங்க நினைக்கிறார்கள். 38 பவுண்டு வாங்கிவிட்டால் போகப்போகப் பழகிவிடும் என்று. சட்டை தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. பவுண்டு கூடின வில்லோ நாள்தோறும் தப்பாக இழுக்கச் சொல்லிக்கொடுக்கும். பெரியவர்களுக்கு 20 முதல் 24, ஒடிசலானவர்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் 16 முதல் 20. இதுதான் நான் சொல்லும் கணக்கு. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் எய்யும் ஆண்கள் 45, 50 பவுண்டு வரை இழுக்கிறார்கள். வருடக்கணக்கில் இரண்டிரண்டு பவுண்டாக ஏறி வந்தவர்கள் அவர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லை மேலே தூக்கி இறக்காமல், நேராகக் குறிப்பார்த்தபடியே மெதுவாக இழுங்கள். முழு இழுப்பில் அரை நிமிடம் நில்லுங்கள். நடுக்கம் வந்தால் அந்த வில் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

பெரிய பவுண்டுதான் வேட்டைக்காரன் என்கிற எண்ணத்துக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1911இல் கலிபோர்னியாவில் ஒரோவில் என்ற ஊருக்கு யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் தனியாக வந்து சேர்ந்தார். அவரை இஷி என்று அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவரிடமே வில்வித்தை கற்றுக்கொண்டார். இன்றைய அமெரிக்க வில்வேட்டை மரபு இந்த இரண்டு பேரின் நட்பிலிருந்து கிளைத்தது என்றே சொல்லலாம். காட்டிலேயே பிறந்து, வில்லாலேயே சாப்பிட்ட இஷியின் வில் 45 பவுண்டை ஒட்டித்தான் இருந்தது. அவர் பலத்தை நம்பவில்லை. மானுக்குப் பக்கத்தில் போகத் தெரிந்திருந்தது. ஜிம் பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

அடுத்தது வில்லின் நீளம். இங்கேயும் வேட்டை வில் நம்மைக் குழப்பும். சாமிக் சேஜ் என்று ஒரு வில் உண்டு. அமெரிக்காவில் புதிதாக வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லப்பட்டுவந்த மரப்பிடி ரிகர்வ். அதே சாயலில் எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன. நீளம் 62 இஞ்ச், 25 பவுண்டிலிருந்து 60 வரை லிம்ப் கிடைக்கும். நல்ல வில், திட்டமாட்டேன். ஆனால் வேட்டை வில் குட்டையாக இருப்பதற்குக் காரணம் புதரும் பரணும். கிளையில் இடிக்கக் கூடாது. திறந்த மைதானத்தில் நிற்கிற நமக்குக் கிளை எங்கே இருக்கிறது? குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் கூர்மையாக மடிந்து விரலை நெருக்கும். கடைசி இஞ்சில் சட்டென்று இறுகவும் செய்யும். 66 அல்லது 68 இஞ்ச் வில் அப்படிப் படுத்தாது. 25 இஞ்ச் ரைசரில் குட்டை லிம்ப் மாட்டினால் 66, நடுத்தர லிம்ப் மாட்டினால் 68. ஐ.எல்.எஃப் என்ற பொதுப் பொருத்தம் உள்ள ரைசர் வாங்கினால் ஒரு கம்பெனி ரைசரில் இன்னொரு கம்பெனி லிம்ப் உட்காரும். கூடுதல் செலவுதான், ஆனால் பின்னால் மிச்சம் பிடிக்கும்.

உங்கள் இழுப்பு நீளம் தெரிய, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை அளந்து 2.5ஆல் வகுக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் என்றால் 67 இஞ்ச், வகுத்தால் 27க்குக் கொஞ்சம் குறைவு. லிம்ப்பில் எழுதியிருக்கும் பவுண்டு 28 இஞ்ச் இழுப்புக்கு உரியது. ஒரு இஞ்ச் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறையும், கூடினால் கூடும். கை நீளமானவர்கள் இதைக் கவனிக்காமல் 24 என்று வாங்கி 28ஐ இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

வலக்கை வில்லா, இடக்கை வில்லா? வலக்கை வில் என்றால் வலக்கையால் நாணை இழுப்பது. வில்லைப் பிடிப்பது இடக்கை. கடையில் பாதிச் சண்டை இதில்தான் வரும். செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் இதற்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய படமே இருக்கிறது. 1989இல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன் அதெல்லாம் எங்கள் வட ஆர்க்காடுதான். மாடு கவரும் சண்டையில் செத்த வீரர்களுக்கு வைத்த நடுகற்கள் அங்கே வயலோரத்தில் நிற்கும். பலவற்றில் வீரனின் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்பும் இருக்கும். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, எசமான் செத்த பிறகும் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் சேர்த்து வைத்தது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. வில்லுக்கும் இந்த நாய்க்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.

எந்தக் கை என்பதைக் கண்தான் முடிவு செய்யும், எழுதும் கை அல்ல. இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியாகப் பாருங்கள். கோட்டை மதில் தெரிகிற இடத்தில் இருந்தால் மதிலின் ஒரு மூலையைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்த மூலை ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அது உங்கள் தலைமைக் கண். வலது கண் என்றால் வலக்கை வில். எழுதும் கையும் கண்ணும் மாறி இருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கண் பக்கம் போவதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

அம்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வில்லுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அம்புக்கு ஸ்பைன் என்று ஒரு எண் உண்டு, அதன் விறைப்பைச் சொல்வது. 28 இஞ்ச் இடைவெளியில் இரண்டு தாங்கல் வைத்து அம்பைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை இஞ்ச் வளைந்தால் 500, ஒரு இஞ்ச் வளைந்தால் 1000. எண் கூடக்கூட அம்பு இளகும். அம்பு புறப்படும்போது நேராகப் போவதில்லை. வில்லைச் சுற்றி வளைந்து, மீன் நீந்துவதுபோல் நெளிந்துதான் போகிறது. அந்த வளைவு வில்லின் பலத்தோடு ஒத்துப்போக வேண்டும். வேட்டைக்காரர்களின் அம்பு 300, 340, 400 என்று இருக்கும். 24 பவுண்டு வில்லுக்கு வேண்டியது 900, 1000. ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று வேட்டை அம்பை வாங்கி மாட்டினால், வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அவர் பாவம், தன் விரல்மேல் பழிபோட்டுக்கொண்டிருப்பார்.

முதல் அம்புகள் உங்கள் இழுப்பைவிட இரண்டு இஞ்ச் நீளமாகவே இருக்கட்டும். முழு இழுப்பில் முனை பின்னால் வந்து விரலில் உட்காரும் ஆபத்து இருக்காது. முனை ஃபீல்ட் பாயிண்ட் என்ற சாதாரணக் கூர்முனை போதும். பிளேடு வைத்த முனை வேண்டவே வேண்டாம். அதைத் தாங்கும் டார்கெட்டும் நம்மிடம் இல்லை, அதை வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. கார்பன் அம்பு என்றால் ஒவ்வொரு தடவையும் லேசாக வளைத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். கீறல் சத்தம் வந்தால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாணிலேயே வெடித்துக் கையில் சிராய் ஏறியதை டாக்டரிடம் போய்ப் பிடுங்க வேண்டிவரும்.

நாண் விரலை அறுக்காமல் இருக்கப் போடும் டேப் என்ற தோல் துண்டு விஷயத்தில் வட ஆர்க்காட்டுக்காரனுக்குக் கொடுப்பினை உண்டு. வெளிநாட்டு டேப்களில் உயர்ந்தது குதிரையின் பின்புறத் தோலில் செய்யும் கார்டோவன். விலையும் அப்படித்தான். ஆனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கையளவு துண்டுத் தோல் கொடுத்தார். இரண்டு மில்லிமீட்டருக்குள் கனம், ஒரு பக்கம் வழவழப்பு. அதற்குப் பின்னால் ஸ்வேட் என்ற மெல்லிய சொரசொரப்புத் தோலை ஒட்டி, நடுவில் அம்பின் வாலுக்கு இடம் விட்டு வெட்டிக்கொண்டேன். வழவழப்பான பக்கம் நாணைப் பார்க்க வேண்டும். ஆட்காட்டி விரல் அம்புக்கு மேலே, மற்ற இரண்டு கீழே. கட்டை விரலுக்கு இதில் வேலையே இல்லை. துரோணர் இந்தக் காலத்துக் கோச்சாக இருந்திருந்தால் ஏகலைவன் தட்சணை கொடுத்துவிட்டு மறுநாளே மைதானத்துக்கு வந்திருப்பான்.

துரோணர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஆள் இல்லாமல் தனியாகத் தொடங்காதீர்கள். காளத்திப் பக்கத்து வேடர் மகன் திண்ணனுக்கு முதல் வில் கொடுக்க நாள் குறித்தபோது, அப்பா நாகன் முதலில் செய்தது வில்தொழில் தெரிந்த கிழவர்களை அழைத்துக் கூட்டியதுதான். காடே வீடாக இருந்த பிள்ளைக்கே அவ்வளவு ஏற்பாடு. அந்தத் திண்ணன்தான் பின்னால் கண்ணப்பர். 1911இல் சித்தூர் ஜில்லா பிரிந்து போகும்வரை காளத்தியும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது என்பதால் அவரையும் உள்ளூர்க்காரராகவே எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு மூன்று மாதம் யாராவது பக்கத்தில் நின்று தோளைத் தட்டி இறக்கிவிட வேண்டும். கிளப் வில்லிலேயே பழகிவிட்டு, கை நீளமும் கண்ணும் தெரிந்த பிறகு சொந்த வில் வாங்கினால் காசு வீணாகாது.

எங்கே எய்வது? மொட்டைமாடியில் வேண்டாம். 20 பவுண்டு வில்லின் அம்பும் நூறு மீட்டர் தாண்டிப் போகும், அடுத்த தெருவில் துணி காயப்போடுகிறவரை அதற்குத் தெரியாது. எங்கள் ஊரைச் சுற்றி இருக்கும் குன்றுகளைத் தடுப்பாக நினைக்கவும் கூடாது. எல்லாம் பாறை. பட்டால் அம்பு நொறுங்கும், அல்லது துள்ளித் திரும்பும். மண்மேடு பின்னால் இருக்கும் தனியார் நிலம், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு. டார்கெட்டுக்கு ஒரு அரிசிச் சாக்கில் தையல்கடைக் கழிவுத் துணியை இறுக்கி இறுக்கி அடைத்தால் போதும். இறுக்கம்தான் முக்கியம். வேட்டை ஆசை விடவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. 3டி வில்வித்தை என்று ஒரு போட்டி வகை இருக்கிறது. நுரையில் செய்த மான், பன்றி, கரடியைக் காட்டுப்பாதையில் வைத்திருப்பார்கள். எவ்வளவு தூரம் என்று சொல்ல மாட்டார்கள். உலக வில்வித்தை சம்மேளனத்தின் விதிப்படி சாதா வில்லுக்கு 30 மீட்டர் வரை, காம்பவுண்டுக்கு 45 வரை. நாங்கள் சாக்கிலேயே சாக்பீஸால் பன்றி வரைந்து, தூரத்தை மாற்றி மாற்றி வைத்து விளையாடுகிறோம். பன்றி என்று வரைந்தவர் சொன்னால்தான் தெரியும்.

கத்திரி வெயிலில் காருக்குள் வில்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள். லிம்ப் என்பது மரம், ஃபைபர் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. வெளியே நாற்பது டிகிரி என்றால் மூடிய காருக்குள் பசை தாங்காது. அடுக்கு பிரிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த தடவை இழுக்கும்போது தெரியும். நாண் மாட்ட ஸ்ட்ரிங்கர் கயிற்றையே பயன்படுத்துங்கள். காலுக்கு நடுவில் வைத்து வளைத்தால் லிம்ப் திருகிக்கொள்ளும்.

அப்புறம், வீட்டுக்கு வரும் விருந்தாளிகள். வில்லைப் பார்த்ததும் எடுத்து, அம்பில்லாமல் இழுத்து, டொய்ங்கென்று விடாதவர் நம் ஊரில் கிடையாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் லிம்ப்புக்கே திரும்பும். உடையலாம். ஜனகன் வில்லை ஒடித்தவருக்குச் சீதை கிடைத்தாள், என் வில்லை ஒடித்தால் பில்தான் கிடைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இருந்தாலும் நாணைக் கழற்றி உள்ளே வைப்பதே பத்திரம்.

செலவு என்று பார்த்தால், மரப்பிடி ரிகர்வ் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அம்பு, டேப், கை உறை, ஸ்ட்ரிங்கர் எல்லாம் சேர்ந்து அதில் பாதியாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது முழுவதையும் வில்லிலேயே போட்டுவிட்டு இரண்டே அம்போடு நிற்பவர்கள் உண்டு. ஆறு அம்பாவது வேண்டும்.

எப்போது பவுண்டு ஏற்றலாம் என்று மச்சானும் கேட்டான். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக 28 பவுண்டில் ஒரு ரிகர்வ் வாங்கியிருக்கிறான், சீசன் இல்லாத மாதங்களில் பழக. மாலையின் கடைசி அம்புகள் முதல் அம்புகளைப் போலவே ஒரே இடத்தில் கூடி விழுகிற அளவுக்கு வந்துவிட்டால் இரண்டு பவுண்டு ஏற்றலாம், நாலுக்கு மேல் ஒரேயடியாகத் தாண்ட வேண்டாம் என்றேன். "அப்ப எனக்கு ரொம்ப நாள் ஆகும் மாமா" என்றான்.

நான் முதலில் வாங்கிய 20 பவுண்டு லிம்ப் ஜோடி இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. காட்பாடியில் ஒரு கல்லூரி மாணவி. அவர் 24க்கு ஏறியதும் திரும்பி வரும். லிம்ப்புக்கு வலது இடது கிடையாது, ரைசருக்குத்தான் உண்டு. 25 இஞ்ச் ஐ.எல்.எஃப் ரைசர் வைத்திருக்கும் யாருக்கும் பொருந்தும். எழுபது பவுண்டு கேட்டு வந்த பையன்களில் ஒருவன் ஏற்கெனவே வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறான்.